சூடு நடக்கும் தெருக்கள்

"அக்கா, இதை விரல்ல புடிச்சுக்கோங்க. விட்டுடாதீங்க!"

நேரு வீதியை ஒட்டிய சந்தில் அந்தத் தம்பியின் செல்போன் பழுது பார்க்கும் கடை. நாலு பேர் உள்ளே நின்றால் ஐந்தாவது ஆள் தெருவில்தான். புதுச்சேரியின் கத்திரி வெயிலில் என் போன் தோசைக்கல்லாய்க் கொதித்து அணைந்துவிட்டது. தூக்கிக்கொண்டு ஓடினேன். போன் பிழைக்குமா என்று கேட்கத்தான் போனேன். திரும்பி வரும்போது தலை நிறைய வேறு ஒரு உலகத்தோடு வந்தேன்.

தம்பி போனின் முதுகை வெந்நீர்ப் பதத்தில் சூடாக்கி, ரப்பர் உறிஞ்சியை ஒட்டி, ஒரு பிளாஸ்டிக் சில்லை ஓரமாக நுழைத்து மூடியைக் கழற்றினான். உள்ளே பச்சைப் பலகை, மின்கலம், நூல் மாதிரி கம்பிகள். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கறுப்புத் தாள் ஒட்டிக் கிடந்தது. தலைமுடியைவிட மெல்லியது. பென்சில் மைபோல ஒரு மங்கிய மினுக்கு.

"இது என்ன, ஸ்டிக்கரா?"

"கிராஃபைட்டு. இதுதான் சூட்டை இழுத்துப் பரப்புது" என்றவன், பழைய சாமான் டப்பாவிலிருந்து வேறொரு துண்டை எடுத்து என் விரலிடுக்கில் வைத்தான். பக்கத்து நன்னாரி சர்பத் கடையில் ஒரு ஐஸ் கட்டி வாங்கி வந்தான். "இதால வெட்டுங்க" என்றான்.

தாளால் ஐஸை வெட்டுவதா? விளிம்பை ஐஸின் மேல் வைத்து லேசாக அழுத்தினேன். வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல உள்ளே போனது! அதே நொடியில் விரல் நுனி சில்லிட்டது. ஐஸையே கையில் பிடித்த மாதிரி. எவர்சில்வர் ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். சும்மா மேலே உட்கார்ந்துகொண்டது. மறுபடி கறுப்புத் தாள். மறுபடி வெட்டு. கடையில் நின்ற எல்லோரும் ஒவ்வொரு தடவை வெட்டிப் பார்த்தோம்.

ஐஸை உருக்கியது என் உடம்புச் சூடு. விரலிலிருந்து கிளம்பி, அந்தத் தாளுக்குள் ஓடி, மறுமுனையில் இறங்கி வேலை பார்த்திருக்கிறது. எப்படி ஓடியது? உள்ளே யார் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்? இந்தத் திரையைத் தூக்கிப் பார்க்காமல் வீட்டுக்குப் போக முடியுமா!

திரைக்குப் பின்னால் யார்?

முதலில் நம் வீட்டு அடுக்களை. வெப்பத்தைக் கடத்தும் திறனுக்கு ஒரு கணக்கு உண்டு. ஒரு மீட்டர் கனமும் ஒரு சதுர மீட்டர் பரப்பும் உள்ள கட்டி. இரு பக்கத்துக்கும் ஒரு டிகிரி வித்தியாசம். அப்போது எத்தனை வாட் வெப்பம் பாய்கிறது? கண்ணாடி டம்ளருக்கு ஏறத்தாழ 1. எவர்சில்வருக்கு 15. பித்தளைக்கு 110-க்குக் குறையாது. பித்தளை டபராவில் ஊற்றிய காபி ஏன் சட்டென்று கையைச் சுடுகிறது என்பதற்கு இந்த எண்ணே சாட்சி. செம்புக்கு 400. வைரத்துக்கு 2,000-ஐயும் தாண்டும்!

வைரமா? மின்சாரத்தைக் கிட்டத்தட்ட தொடவே தொடாத வைரம் வெப்பத்தில் செம்பை ஐந்து மடங்கு ஏன் முந்துகிறது? இங்கேதான் முதல் திரை விலகுகிறது. செம்பு, பித்தளை போன்ற உலோகங்களில் சூட்டைச் சுமப்பவை பெரும்பாலும் எலக்ட்ரான்கள், மின்சாரத்தைச் சுமக்கும் அதே ஆட்கள். வைரம், சிலிக்கான், கிராஃபைட் போன்றவற்றில் சுமப்பது அதிர்வு. அணுக்கள் தங்கள் இடத்தை விட்டு நகர்வதில்லை. நின்ற இடத்தில் ஆடுகின்றன. ஒன்று ஆட, பக்கத்து அணு ஆட, அந்த ஆட்டம் அலையாகக் கிளம்புகிறது. குவாண்டம் உலகில் எதுவும் சில்லறையாகத்தான் புழங்கும். அதனால் இந்த அலையும் பொட்டலம் பொட்டலமாகத்தான் கைமாறும். அந்தப் பொட்டலத்தின் பெயர் ஃபோனான்.

1930-களின் தொடக்கத்தில் ரஷ்ய இயற்பியலாளர் ஈகோர் டாம் இந்த எண்ணத்தைக் கொண்டுவந்தார். பெயர் யாகோவ் ஃப்ரெங்கெலுடையது. குரல், ஒலி என்று பொருள்படும் கிரேக்கச் சொல்தான் வேர். டெலிபோனில் இருக்கும் 'போன்' அதே வேர்! என் கையில் இருந்த போனும் அதற்குள் சூட்டைச் சுமந்த ஃபோனானும் பெயரளவில் ஒரே வீட்டுப் பிள்ளைகள். இது தெரிந்த அன்று எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

ஊரே ஒரு படிகம்

சூடு நடக்கிற விதத்தைப் புரிந்துகொள்ள புதுச்சேரியைவிடத் தோதான ஊர் கிடையாது. சத்தியமாகச் சொல்கிறேன். டச்சுக்காரர்கள் 1693 முதல் 1699 வரை இந்த ஊரைக் கையில் வைத்திருந்தபோது வரைந்த கட்டம் கட்டமான திட்டத்தின் சாயலில் இன்றும் தெருக்கள் நேராக ஓடி நேராக வெட்டிக்கொள்கின்றன. சிலிக்கான் படிகத்துக்குள்ளும் இதே ஒழுங்கு. ஒரு கட்டத்தின் பக்கம் 0.543 நானோமீட்டர். நானோமீட்டர் என்பது மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு.

இந்தத் தெருக்களில் ஒரு ஃபோனானை ஓடவிடுவோம். சிலிக்கானில் ஒலியின் வேகம் வினாடிக்கு 8 கிலோமீட்டருக்கும் மேல். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனால் காலாப்பட்டு. 1985-இல் தொடங்கிய புதுவைப் பல்கலைக்கழகம் அங்கே இருக்கிறது. நானோ அறிவியலுக்கென்றே ஒரு மையமும் அதில் உண்டு. நம் ஃபோனான் காந்தி சிலையில் கிளம்பினால் ஒன்றரை வினாடியில் அங்கே நிற்கும்!

அப்படியானால் சூடு மட்டும் ஏன் ஆற அமர நடக்கிறது? தெருவில் நெரிசல். பெரிய மார்க்கெட்டுக்குள் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓடிப் பாருங்கள். நாலு எட்டு வைப்பதற்குள் ஒரு கூடையில் முட்டுவோம், திரும்புவோம், இன்னொருவர்மேல் இடிப்போம். ஃபோனானும் இன்னொரு ஃபோனானில் முட்டும், வேற்று அணுவில் முட்டும், படிகத்தின் விரிசலில் முட்டும். ஒரு முட்டலுக்கும் அடுத்ததற்கும் நடுவே அது தடையின்றி ஓடும் தூரத்தை அதன் எட்டு என்று வைத்துக்கொள்வோம். சாதாரண அறைச் சூட்டில் சிலிக்கானுக்குள் பல ஃபோனான்களின் எட்டு நூற்றுக்கணக்கான நானோமீட்டர். சிலது ஆயிரங்களைத் தாண்டும். எட்டு என்பது ஓர் ஊர் நீளம் என்றால், பொருளே அதைவிடச் சின்னதாகிவிட்டால் என்ன ஆகும்?

இதற்குப் பதில் சொல்லும் முன்னால் ஒரு பிரெஞ்சுக்காரரைப் பார்க்க வேண்டும்.

அதே மார்ச், அதே வருடம்

வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்க்க பிரெஞ்சு வானியலாளர் லெ ஜான்டில் புதுச்சேரி வந்து சேர்ந்தது 1768 மார்ச்சில். ஒரு வருடத்துக்கும் மேல் காத்திருந்து, 1769 ஜூனில் அந்த நாள் வந்தபோது மேகம் மறைத்துவிட்டது. அந்த மனிதரின் ஏமாற்றத்தை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. ஆனால் அவர் இங்கே வந்திறங்கிய அதே 1768 மார்ச்சில், 21-ஆம் தேதி, பிரான்சின் ஓசேர் ஊரில் ஒரு தையல்காரர் வீட்டில் ஒரு குழந்தை பிறந்தது. பெயர் ஜோசப் ஃபூரியே.

சூட்டுக்கு முதல் முழுக் கணக்கு எழுதியவர் அவர்தான். 1807-இல் பாரிஸில் தன் கட்டுரையைக் கொடுத்தார். லக்ராஞ்ச் போன்ற மேதைகள் மறுப்புச் சொன்னார்கள். விடாமல் வேலை செய்து 1822-இல் நூலாக வெளியிட்டார். அவருடைய விதியை ஒரு வரியில் சொல்லலாம்: சரிவு எவ்வளவோ, பாய்ச்சல் அவ்வளவு. ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் சூட்டு வித்தியாசம் கூடினால் ஓட்டம் கூடும். தூரம் கூடினால் ஓட்டம் குறையும். துமாஸ் தெருவின் தடித்த சுண்ணாம்புச் சுவர்கள் மதிய வெயிலை எத்தனை மணி நேரம் வெளியே நிறுத்தும் என்பதைக்கூட இதை வைத்துக் கணக்கிடலாம்.

இந்த விதிக்குள் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது: வழியில் நிறைய முட்டல் மோதல் இருக்க வேண்டும். மோதி மோதித்தான் அந்தச் சீரான சரிவு உண்டாகிறது. பொருளின் நீளம் ஃபோனானின் ஒற்றை எட்டைவிடக் குறைந்துவிட்டால் நடுவில் மோதலே கிடையாது. ஒரு சுவரில் கிளம்பி எதிர்ச் சுவரில் நேராகப் போய் அறையும். அங்கே ஃபூரியேயின் கணக்குப் பிசகுகிறது. மார்க்கெட்டுக்கு எழுதின விதியை நாலடி நடைக்குப் போட்டால் எப்படிப் பொருந்தும்?

நம் போனுக்குள் இதுதான் நடக்கிறது. சிப்பில் உள்ள டிரான்சிஸ்டரின் பாகங்கள் சில நானோமீட்டரிலிருந்து சில பத்து நானோமீட்டர் வரை. அங்கே பிறக்கிற சூடு, பழைய கணக்கு சொல்வதைவிடச் சிரமப்பட்டுத்தான் வெளியேறுகிறது. வெளியேறியதை வாங்கிப் பரப்பத்தான் அந்தக் கறுப்புத் தாள்.

சுவரைச் சொரசொரப்பாக்கு!

2008 ஜனவரியில் கலிபோர்னியாவின் இரண்டு குழுவினர் நேச்சர் இதழில் ஒரே சமயத்தில் ஒரு சேதியைச் சொன்னார்கள். சிலிக்கானை 50 நானோமீட்டர் தடிமன் கம்பியாக்கினார்கள் பெர்க்லி ஆய்வாளர்கள். குறுக்கே எண்ணினால் ஏறத்தாழ 90 கட்டம்தான்! கம்பியின் மேற்பரப்பு வழவழவென்று இல்லாமல் சொரசொரப்பாக இருந்தது. கட்டியாக இருக்கும்போது 150-க்கு அருகில் கடத்தும் சிலிக்கான், கம்பியானதும் 1.6-க்கு இறங்கியது. ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு. கண்ணாடி டம்ளரின் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது சிலிக்கான்!

பொருளை மாற்றவில்லை. தெருவைச் சுருக்கி, சுவரைக் கரடுமுரடாக்கினார்கள், அவ்வளவுதான். நீள எட்டு வைக்கும் ஃபோனான்கள் சுவரில் மோதிச் சிதறின. எட்டு மிகச் சிறியதான எலக்ட்ரான்களோ பெரிய தொந்தரவில்லாமல் போய் வந்தன.

இதனால் என்ன லாபம்? ஒரு பக்கம் சூடு, மறுபக்கம் குளிர்ச்சி இருந்தால் மின்சாரம் தரும் பொருட்கள் உண்டு. வெப்பமின் பொருட்கள் என்பார்கள். 1977-இல் கிளம்பிய வாயேஜர் விண்கலங்களுக்கு மின்சாரம் கொடுத்தது சிலிக்கான்–ஜெர்மானியத்தால் ஆன இந்த வகைப் பொருள்தான். இதற்கு எலக்ட்ரான் ஓட வேண்டும், சூடு ஓடக்கூடாது. ஓடினால் இரண்டு பக்கமும் ஒரே சூடாகி ஆட்டம் முடிந்துவிடும்.

சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த ராமா வெங்கடசுப்பிரமணியன் இதற்கு வேறொரு வழி கண்டார். அமெரிக்காவின் வட கரோலினாவில், 2001-இல், பிஸ்மத் டெலுரைடையும் ஆன்டிமனி டெலுரைடையும் சில நானோமீட்டர் அடுக்குகளாக மாற்றி மாற்றி அடுக்கினார். எலக்ட்ரான் தாண்டிப் போகும். ஃபோனான் ஒவ்வொரு எல்லையிலும் தடுமாறும்.

எல்லை என்றதும் பெரிய வாய்க்கால் என் கண்முன் வந்துவிட்டது. கிழக்கே பிரெஞ்சுக்காரர்களின் உயர்ந்த மதில் வீடுகள், மேற்கே திண்ணை வைத்த தமிழ் வீடுகள், நடுவில் வாய்க்கால். இரண்டு பொருட்கள் ஒட்டிக்கொண்டிருக்கும் இடமும் அப்படித்தான். ஒரு பக்கத்து அணுக்கள் ஆடும் தாளம் வேறு, மறுபக்கத்துத் தாளம் வேறு. தாளம் ஒத்துப்போகிற ஃபோனான் பாலத்தைத் தாண்டும்; மற்றது திரும்பிவிடும். திரவ ஹீலியத்துக்கும் திடப்பொருளுக்கும் நடுவே இந்தத் தடையை 1941-இல் ரஷ்யாவின் பியோத்தர் கபிட்ஸா அளந்தார். சிப்புகளைக் குளிர்விக்கிறவர்கள் இன்றும் இதோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள்.

நானோவுக்குள் தெர்மாமீட்டர் வைப்பது எப்படி?

திரைக்குப் பின்னால் நான் மிகவும் ரசித்த இடம் இதுதான். ஒரே அணு கனமுள்ள கிராஃபீன் தாளில் எத்தனை டிகிரி என்று எப்படிப் பார்ப்பது? எந்தத் தெர்மாமீட்டரைக் கொண்டு போனாலும் அது கிராஃபீனைவிட மலையளவு பெரிது.

வழி கொடுத்தவர் திருவானைக்காவலில் பிறந்த சி. வி. ராமன்! கல்கத்தாவில் கே. எஸ். கிருஷ்ணனோடு சேர்ந்து, 1928 பிப்ரவரி 28-இல் அவர் உறுதிசெய்தது இது: ஒளி ஒரு பொருளில் பட்டுச் சிதறும்போது அந்தப் பொருளின் அதிர்வோடு கொடுக்கல் வாங்கல் செய்கிறது, அதற்கேற்ப நிறம் கொஞ்சம் மாறுகிறது. படிகத்தில் அந்த அதிர்வு வேறு யார்? நம் ஃபோனான்தான்! ஒளி போய் ஃபோனானை விசாரித்துவிட்டு வருகிறது.

2008-இல் கலிபோர்னியாவின் ரிவர்சைடில் அலெக்சாண்டர் பலாண்டின் குழு கிராஃபீன் துண்டை ஒரு நுண்ணிய பள்ளத்தின் குறுக்கே, இரண்டு கரைக்கு நடுவே கட்டிய கொடித்துணிபோலத் தொங்கவிட்டது. நடுவில் ஒரு லேசர். அந்த ஒரே ஒளிதான் அடுப்பு, அதே ஒளிதான் தெர்மாமீட்டர். தாள் சூடாக ஆக, திரும்பி வரும் ஒளியில் ஒரு கோடு நூலளவு இடம் பெயர்கிறது. கிராஃபீனில் அந்தக் கோட்டுக்குரிய ஆட்டம் வினாடிக்கு ஏறத்தாழ 47 லட்சம் கோடி தடவை! கோடு எவ்வளவு நகர்ந்தது என்று பார்த்து, சூடு எவ்வளவு வேகமாக ஓரத்துக்கு ஓடிவிட்டது என்று கணக்கிட்டார்கள். விடை 5,000-ஐ ஒட்டி வந்தது. பிறகு வந்த பல அளவீடுகள் 2,000-க்கும் 5,000-க்கும் இடையே நிற்கின்றன. செம்பின் 400-ஐ நினைத்துக்கொள்ளுங்கள்!

என் விரலில் இருந்த கறுப்புத் தாள் அந்தக் கிராஃபீன் தாள்களை அப்பளக் கட்டாக அடுக்கியது. தாள் வாக்கில் அணுக்கள் கை கோத்து இறுக்கமாக நிற்கின்றன, ஃபோனான் பறக்கிறது. அடுக்குக்கு அடுக்கு பிடிப்பு தளர்ச்சி. அந்தத் திசையில் கடத்துவது நூறில் ஒரு பங்கு அளவுதான். அதனால்தான் தட்டையாக வைக்காமல் விளிம்பால் வெட்டச் சொன்னான் தம்பி.

ராமன் படிக அதிர்வுகளைப் பற்றித் தனியாக ஒரு கொள்கையும் வைத்திருந்தார். 1940-களில் அதற்காக மாக்ஸ் போர்னுடன் கடுமையாக வாதாடினார். பெங்களூருக்கு அவர் தாமே அழைத்துச் சில மாதம் வைத்திருந்த அதே போர்ன்! பின்னால் நியூட்ரான் சோதனைகள் போர்ன் பக்கம் நின்றன. ஆனாலும் ஃபோனானை விசாரிக்கிற எத்தனையோ ஆய்வகங்களில் இன்றும் மேசைமேல் இருப்பது ராமனின் ஒளி. கொள்கை தோற்றாலும் கருவி வாழ்கிறது. பிரெஞ்சுக்காரரின் கணக்குத் தடுமாறுகிற சின்ன உலகத்துக்குள் தமிழரின் ஒளி விளக்குப் பிடிக்கிறது. இதைப் பெருமையோடு எழுதாமல் எப்படி எழுதுவது!

பக்கத்து ஊர் காந்தம்

இன்னொரு காட்சி, இதே கடற்கரைச் சாலையில். புதுச்சேரியிலிருந்து சென்னைப் பக்கம் போகும்போது வரும் கல்பாக்கம். அங்குள்ள இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் ஜான் பிலிப், பி. டி. ஷிமா, பல்தேவ் ராஜ் மூவரும் 2007-இல் வெளியிட்டது இது. ஏழு நானோமீட்டருக்கும் குறைவான காந்த இரும்பு ஆக்சைடு துகள்களை மண்ணெண்ணெயில் கலந்தார்கள். காந்தப் புலம் வைத்ததும் துகள்கள் ஒன்றன் பின் ஒன்றாக நின்று சங்கிலியாயின. சூடு பாயும் திசையிலேயே சங்கிலி அமைந்ததால் திரவத்தின் கடத்துதிறன் மண்ணெண்ணெயைப்போல நான்கு மடங்கு வரை ஏறியது. காந்தத்தை எடுத்தால் சங்கிலி கலையும். குழாயைத் திறந்து மூடுவதுபோலச் சூட்டைத் திறந்து மூடலாம்!

இன்னும் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2019-இல் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் கிராஃபைட்டை மைனஸ் 150 டிகிரியை ஒட்டிக் குளிர்வித்தபோது, சூடு பரவாமல் அலையாகவே பாய்வதைப் பார்த்தார்கள். ஒலி போகிற மாதிரி, சூடு! ஃபோனான்கள் மோதிக்கொண்டாலும் வேகத்தை இழக்காமல் ஒரே திசையில் கூட்டமாகப் போயின. திருவிழாத் தேருக்கு முன்னால் கூட்டம் நம்மைத் தள்ளிக்கொண்டு போகுமே, அப்படி. நாம் இடித்துக்கொண்டுதான் போகிறோம், ஆனால் எல்லோரும் முன்னால்தான் போகிறோம்.

கடற்கரையில் ஐஸ்

தம்பி என் போனுக்குப் புதுத் தாள் ஒட்டினான். காற்றுக் குமிழி வராமல் ஒரு துணியால் ஓரத்துக்கு ஓரம் நீவினான். "குமிழி இருந்தா அந்த எடத்துல சூடு நின்னுடும்" என்றான். வாய்க்கால் எல்லையில் ஃபோனான் திரும்பும் கதையை அவன் எந்தப் புத்தகத்திலும் படித்திருக்க மாட்டான். அவன் விரலுக்குத் தெரிந்திருக்கிறது. மிச்சத் துண்டைக் கேட்டேன். "எடுத்துக்கோங்க அக்கா" என்று கொடுத்தான்.

மாலையில் வாய்க்காலைத் தாண்டிக் கடற்கரைச் சாலைக்கு வந்தேன். நாள் முழுக்க வெயில் குடித்த கருங்கற்கள் இன்னும் கதகதவென்றிருந்தன. ஐஸ் வண்டிப் பக்கம் மூன்று பிள்ளைகள். ஒரு ஐஸ் கட்டி வாங்கி நடுவில் வைத்து, கறுப்புத் துண்டைக் கொடுத்தேன். பெரிய பையன் வெட்டினான், மந்திரம் என்றான். அடுத்தவன் வெட்டினான், கரெண்டு என்றான். கடைசியாக ஆறு வயதுக்காரி. இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்து, நாக்கை வெளியே துருத்திக்கொண்டு அழுத்தினாள். தாள் பாதி ஐஸுக்குள் இறங்கியதும் சட்டென்று நிறுத்தினாள். விரலை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். மறு கையின் விரலையும் வைத்துப் பார்த்தாள்.

"இந்த வெரலு மட்டும் சில்லுனு இருக்கு" என்று முணுமுணுத்தவள், கண்ணை அகல விரித்துக் கத்தினாள்:

"டேய்! என் சூடுடா உள்ள போயிருக்கு!"